தண்ணி குடிக்கிற வண்டி

எங்க வீட்டில் டிராக்டருக்குத் தண்ணி ஊத்துறது, மாட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரி. காலையில் வண்டியை எடுக்கும் முன்னாடி ரேடியேட்டர் மூடியைத் திறக்கணும், ஒரு சொம்பு ஊத்தணும், மூடணும். அப்பா அப்படித்தான் செஞ்சார். நானும் அப்படியே செஞ்சேன். போன சம்பா பட்டத்தில் அந்த ஒரு சொம்பு ஒரு குடம் ஆச்சு.

அப்போ நாற்றுக்கு 25 நாள் வயசு. கழனியில் தண்ணி கட்டி, சேடை ஓட்ட வண்டியை இறக்கினேன். ஒரு மணி நேரம் ஓடினதும் சூடு காட்டுற முள் சிவப்புக்குப் போயிடுச்சு. நிறுத்தி, ஆற விட்டு, மூடியைத் திறந்தால் தண்ணி பாதிகூட இல்லை. வீட்டுக்கு ஓட்டி வந்து சிமெண்டுக் களத்தில் ராத்திரி முழுக்க நிறுத்தினேன். காலையில் கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மெக்கானிக் வந்து பார்த்தார். "தண்ணி வெளிய வரலைன்னா உள்ளதான் போவுதுண்ணே. ஹெட்டை இறக்கணும்" என்றார். இருபதாயிரம் ரூபாய், ஒரு வாரம். பணத்தைக்கூடப் புரட்டிடலாம், நாற்று ஒரு வாரம் நிக்காது. முத்தின நாற்றை நட்டால் தூர் கட்டாது, அந்தப் பட்டமே பாழ். வாடகைக்கு வண்டி கேட்டால் எல்லா வண்டியும் அவங்கவங்க சேற்றில் இருக்கு.

"ஒரு நாள் டைம் குடுப்பா, ஹெட்டைத் தொடுறதுக்கு முன்னாடி நானும் ஒரு தடவை பார்த்துடறேன்" என்றேன்.

அன்னிக்கு ராத்திரிதான் ஒண்ணு உறைச்சது. இந்த வண்டி எத்தனை வருஷமா தண்ணி குடிக்குதுன்னு எனக்கே தெரியாது. இன்ஜின்னா தண்ணி குடிக்கத்தான் செய்யும்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரு நினைப்பு. உங்க காருக்கு நீங்க தினமும் தண்ணி ஊத்துறதில்லையே, எங்களுக்கு மட்டும் அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் போனதில்தான் ஓட்டையும் கிடைச்சது. அதனால் கொஞ்சம் பழைய கதை சொல்றேன், பொறுத்துக்கங்க.

இன்ஜினுக்குள் எரியும் எண்ணெயில் ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு சக்திதான் வேலையா மாறுது. ஒரு பங்கு புகையோட போயிடும். மீதிச் சூடு இரும்பில் இறங்கும். அதை யாராவது வாங்கிக்கிட்டுப் போகலைன்னா இரும்பு விரிஞ்சு பிஸ்டன் இறுகிடும். அந்த வேலைதான் தண்ணிக்கு.

கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை வாங்கின மூணு சக்கர மோட்டார் வண்டியில் இன்னிக்கு நாம பார்க்கிற ரேடியேட்டர் கிடையாது. தண்ணி கொதிச்சு ஆவியாப் போகும், சூடும் கூடவே போகும். குறைஞ்ச தண்ணியை ஊத்திக்கிட்டே இருக்கணும். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் ரெண்டு பையன்களைக் கூட்டிக்கிட்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த மாதிரி வண்டியிலேயே கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்கு மேல். மோட்டார் வண்டியில் முதல் நெடும்பயணம்னு உலகம் அதைக் கொண்டாடுது. வழியெல்லாம் அந்த அம்மா தண்ணி தேடித் தேடி ஊத்தினதுதான் எனக்குப் பிடிச்ச இடம். தினமும் சொம்பு தூக்கிற எனக்கு அவங்க கஷ்டம் புரியுது.

மெட்ராஸிலும் இதே தாகம்தான். 1840-ல் தொடங்கி, குதிரை வண்டி கட்டிக்கிட்டு இருந்த சிம்ப்சன் கம்பெனியில், 1903-ல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடுற கார் ஒண்ணைக் கட்டினார். நீராவி வண்டின்னா கேக்கவே வேண்டாம், தண்ணிதான் அதுக்குச் சாப்பாடு.

அதுக்குள்ள ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக் ஒரு வழி கண்டுபிடிச்சிருந்தார். 1900 கடைசியில் உருவாகி 1901-ல் பந்தயங்களில் ஓடின மெர்சிடிஸ் வண்டிக்கு அவர் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர் செஞ்சார். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்னக் குழாய்களை அடுக்கி ஒட்டினது. குழாய்க்குள்ள காத்து, இடுக்கில் தண்ணி. அந்த வண்டியும் 35 குதிரைசக்திதான், என் டிராக்டர் அளவு. இப்போ தண்ணி ஆவியாப் போக வேண்டியதில்லை. சூட்டைக் காத்துக்குக் கொடுத்துட்டு அதே தண்ணி திரும்ப இன்ஜினுக்கு வந்துடும். பின்னால வந்த ரேடியேட்டர் மூடியில் ஒரு ஸ்பிரிங் வெச்சாங்க. உள்ளே அழுத்தம் ஏறினால் தண்ணி கொதிக்கிற சூடும் ஏறும். என் வண்டி மூடி 7 பவுண்டு அழுத்தம் தாங்கும். அதில் தண்ணி 100 டிகிரியில் கொதிக்காது, 110-ஐத் தாண்டணும்.

ஆக, தண்ணியை உள்ளே பூட்டி வைக்கிறதுதான் ரேடியேட்டரோட மொத்த ஏற்பாடே. பூட்டின வீட்டில் பொருள் குறைஞ்சா எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம். இது எங்களுக்கு ஏன் உறைக்கலைன்னா, எங்க பக்கம் இன்ஜின் முதலில் வந்தது ரோட்டு வழியா இல்லை, கிணத்து வழியா.

களம்பூரைத் தெரியாதவங்களுக்கு: ஆரணிப் பட்டுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அந்த ஆரணிக்கு ரயிலடி எங்க ஊர்ல. ஸ்டேஷன் பலகையில் 'ஆரணி ரோடு'ன்னு இருக்கும். களம்பூர்ப் பொன்னின்னு மளிகைக் கடையில் மூட்டை பார்த்திருந்தா, அது எங்க ஊர் அரிசி மில்லுங்க சம்பாதிச்ச பேர். 1989 வரைக்கும் நாங்க வட ஆற்காடு மாவட்டம், இப்போ திருவண்ணாமலை. வருஷம் முழுக்க ஓடுற ஆறு கிடையாது. ஏரியும் கிணறும்தான்.

அந்தக் கிணத்தில் தண்ணி இறைச்சது கவலை. தெற்கே கமலைன்னு சொல்வாங்க. ரெண்டு மாடு சரிவில் இறங்கினால் சால் மேலே வரும், பின்னால நடந்தால் சால் கீழே போகும். விடியக் கருக்கலில் பூட்டினால் வெயில் ஏறும்வரை ஓட்டணும். அப்படியும் அரை ஏக்கர் நனையறதே பெரிய விஷயம்னு அப்பா சொல்வார்.

அந்த மாட்டுக்குப் பதிலாத்தான் ஆயில் இன்ஜின் வந்தது. புனாவில் கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் 1946-ல் தொடங்கினது, கோயம்புத்தூர்ப் பட்டறைகளிலும் இன்ஜினும் பம்பும் செஞ்சாங்க. பெரிய சக்கரம், மெதுவான ஓட்டம், டுக் டுக்னு ஊருக்கே கேக்கும். அதில் ரேடியேட்டர் கிடையாது, தேவையும் இல்லை. பம்பு தூக்கிற தண்ணியிலேயே ஒரு சின்னக் குழாயில் கொஞ்சம் பிரிச்சு இன்ஜினைச் சுத்தி விட்டு, அந்தப் பக்கம் கால்வாயில் கொட்டிடுவாங்க. சில்லுனு உள்ளே போகும், வெதுவெதுன்னு வெளியே வரும். மார்கழிக் குளிரில் அந்தக் குழாய் அடியில் உக்காந்துதான் நாங்க குளிச்சோம். இன்ஜின் தண்ணி குடிக்கும், குடிச்சதை நமக்கே வெந்நீராக் கொடுக்கும். ஒழுகினாலும் யாருக்கு நட்டம்? ஒழுகின தண்ணியும் நெல்லுக்குத்தான் போகுது.

எங்க பழக்கம் அங்கே பிறந்தது.

அப்புறம் கரெண்டு வந்து கிணத்தில் மோட்டார் மாட்டினோம், ஆயில் இன்ஜின் மூலைக்குப் போச்சு. அதே காலத்தில் டிராக்டரும் வந்தது. 1950-களில் சிம்ப்சன் கம்பெனி இங்கிலாந்தின் பெர்கின்ஸ் கூட்டோட மெட்ராஸ் செம்பியத்தில் டீசல் இன்ஜின் செய்ய ஆரம்பிச்சது. 1960-ல் டாஃபே கம்பெனி மாஸ்ஸி ஃபெர்குசன் கூட்டோட பிறந்தது. டிராக்டர்னா மெட்ராஸ்லயே செய்யற பொருள்னு ஆச்சு. என் வண்டி எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க. அப்பா 1980-களில் வாங்கினது. குறை வண்டி மேல இல்லைங்கறது கடைசியில் தெரியும். டிராக்டருக்கு ரேடியேட்டர் உண்டு, மூடி உண்டு, பூட்டு உண்டு. ஆனா ஊத்தினது ஆயில் இன்ஜின் கை. கிணத்துத் தண்ணி, தினம் ஒரு சொம்பு.

கிணறு அதே கிணறா இருந்ததான்னா, அதுவும் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்தும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஆராய்ச்சிக்காரங்க வட ஆற்காட்டுக் கிராமங்களில் தங்கிப் பசுமைப் புரட்சி என்ன செஞ்சிருக்குன்னு பார்த்தாங்க. பி. எச். ஃபார்மர் தொகுத்து 1977-ல் அது புத்தகமா வந்தது. பசுமைப் புரட்சின்னு தலைப்பு வெச்சுப் பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறியும் போட்டிருப்பார். இலங்கைப் புவியியலாளர் மத்துமபண்டார அதில் எங்க மாவட்டத்து நிலத்தடி நீரைப் பத்தியே தனிக் கட்டுரை எழுதினார். பம்புசெட்டு பெருகப் பெருகத் தண்ணி மட்டம் இறங்குதுன்னு அன்னிக்கே கணக்கு இருந்தது. எங்க வீட்டுக் கணக்கும் அதேதான்: அப்பா காலத்தில் 30 அடிக் கிணறு, நான் பள்ளிக்கூடம் போறப்போ 60 அடி, இப்போ கிணத்துக்குள்ளேயே 350 அடிக்கு போர்.

ஆழம் போகப் போகத் தண்ணியும் மாறிடுச்சு. எங்க பக்கம் பாறைக்குள்ள ரொம்ப நாள் ஊறின தண்ணி, சுண்ணாம்பு உப்பைக் கரைச்சு எடுத்துக்கிட்டு வருது. உங்க வீட்டு கீசர் கம்பியில் வெள்ளையாக் கட்டுமே, அதே சரக்கு. தண்ணி சூடானால் கரைஞ்சிருந்த உப்பு கல்லா மாறிச் சூடான இடத்தில் ஒட்டும்.

இதில் வேடிக்கை என்னன்னா, இது தெரியாத ஊர் இல்லை இது. அரிசி மில்லில் பாய்லர் பார்த்த மாமா ஒருத்தர் எங்க தெருவிலேயே இருக்கார். நெல் அவிக்கிற பாய்லருக்குக் கண்ட தண்ணியை விட மாட்டாங்க, உப்பை எடுத்துட்டுத்தான் விடுவாங்க. இல்லைன்னா குழாயில் கல் கட்டி, விறகும் உமியும் வீணாகும், குழாயும் வெந்து போகும். ஆரணியில் பட்டுக்குச் சாயம் போடறவங்களுக்கும் தெரியும். பட்டு நூல் பசையைச் சோப்புப் போட்டு எடுக்கணும், உப்புத் தண்ணியில் சோப்பு திரிஞ்சு நூலில் ஒட்டிக்கும், சாயம் சமமாப் பிடிக்காது. பட்டுக்காரருக்கும் மில்காரருக்கும் தெரிஞ்ச விஷயம், ரெண்டு பேருக்கும் நடுவில் உழுதுக்கிட்டு இருந்த எனக்குத் தெரியலை.

மறுநாள் காலையில் அந்த மாமாவையே கூப்பிட்டேன். வண்டியைச் சுத்தி வந்தவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இதுல எந்தத் தண்ணி ஊத்துற?"

"போர்த் தண்ணிதான் மாமா."

"எத்தினி வருஷமா?"

பதில் சொல்ல வரலை.

ரெண்டு பேரும் வரிசையாப் பார்த்தோம். முதலில் ஆயில் குச்சியை உருவினோம். ஆயிலில் தண்ணி கலந்தா பால் காபி நிறத்துக்கு வந்துடும். இது கறுப்பாவே இருந்தது. ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டர் வாயைப் பார்த்தோம், விடாமக் குமிழி வரலை. புகையும் வெள்ளையா இல்லை. இது மூணும் சரின்னா ஹெட் கேஸ்கெட் மேல சந்தேகம் பாதி குறையும். அடுத்து வாட்டர் பம்பு. அதுக்கு அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. உள்ளே சீல் போனால் அது வழியா ஒழுகித் தகவல் சொல்லும். காய்ஞ்சு கிடந்தது. ஹோஸ் பைப்பை அமுக்கிப் பார்த்தோம், வெடிப்பு இல்லை.

"சூட்டுல ஒழுவுது, சூட்டுலயே ஆவியாப் போவுது. குளிர்ல அழுத்தம் இல்ல, அதான் சொட்டல. இப்ப குளிர்லயே அழுத்தம் குடுக்கணும்" என்றார் மாமா.

பட்டறையில் அதுக்குன்னு கைப்பம்பு உண்டு, எங்ககிட்ட இல்லை. பழைய ரேடியேட்டர் மூடி ஒண்ணில் ஓட்டை போட்டு, டியூப் வால்வை இறுக்கி, சைக்கிள் பம்பால் காத்து அடிச்சோம். மூடி தாங்கிற அளவுக்கு மேல அடிக்கக் கூடாது, அடிச்சால் ரேடியேட்டரே கிழியும். அதனால அழுத்தம் பார்க்கிற மீட்டரைக் கையில் வெச்சுக்கிட்டு 7 பவுண்டில் நிறுத்தினோம். ரெண்டு பேரும் பேசாம உக்காந்தோம். அஞ்சு நிமிஷம் கழிச்சு மீட்டர் முள் இறங்கிச்சு. டார்ச் அடிச்சால், புகைக் குழாய் மானிஃபோல்டுக்குப் பின்னால், இன்ஜின் பிளாக்கில் அஞ்சு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமா ஒரு தகடு. அதன் ஓரத்தில் முத்து மாதிரி ஒரு சொட்டு. கீழே வெள்ளையும் துருவுமா ஒரு கோடு. வருஷக்கணக்கா ஒழுகின தடம், எண்ணெய் அழுக்குக்கு அடியில் மறைஞ்சிருந்தது. ஓடும்போது அந்த மானிஃபோல்டு சூட்டில் ஒவ்வொரு சொட்டும் தரைக்கு வராமலே காய்ஞ்சிருக்கு.

அந்தத் தகட்டுக்குக் கோர் பிளக்னு பேர். இன்ஜின் பிளாக்கை வார்க்கும்போது தண்ணி ஓடுற வழிக்காக உள்ளே மணல் அச்சு வெப்பாங்க. இரும்பு ஆறினதும் அந்த மணலைத் தட்டி எடுக்க ஓட்டை வேணும், அந்த ஓட்டையை மூடற மெல்லிய தகடு இது. குளிர் நாடுகளில் தண்ணி உறைஞ்சு பிளாக் வெடிக்காம இருக்க வெச்சதுன்னு பலரும் நினைக்கறாங்க, அதுக்காக வெச்சதில்லை. மெல்லிசா இருக்கறதால துரு முதலில் தின்னுறது அதைத்தான். அதுவும் உள்ளேயிருந்து.

கழட்டினப்போ செங்கல் நிறத்தில் தண்ணி கொட்டிச்சு. முட்டை ஓடு மாதிரி சில்லுச் சில்லா உப்பும் வந்தது. அப்போதான் மாமா கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். பூட்டி வெச்ச தண்ணியில் இருக்கிற காத்தும் உப்பும் கொஞ்ச நாளில் தீர்ந்துடும், அதுக்கப்புறம் அது பெரிசாக் கெடுதல் செய்யாது. நான் தினமும் ஊத்தின ஒவ்வொரு சொம்பும் புதுக் காத்து, புது உப்பு. காத்து துருவைக் கொடுத்தது, உப்பு கல்லாச்சு. கல் சூட்டை இரும்பிலிருந்து தண்ணிக்குப் போக விடாது, அதனால வண்டி இன்னும் சூடாச்சு. சூடானதால இன்னும் ஒழுகிச்சு. இன்னும் ஒழுகினதால நான் இன்னும் ஊத்தினேன். ஒழுகலுக்கு மருந்துன்னு நினைச்சு ஊத்தினதே ஒழுகலைப் பெருசாக்கிச்சு.

கூலன்ட்டைப் பத்தியும் எனக்கு ஒரு இளக்காரம் இருந்தது. அதில் இருக்கிறது எத்திலீன் கிளைக்கால். 1850-களில் வூர்ட்ஸ்னு ஒரு பிரெஞ்சு வேதியியலாளர் உண்டாக்கினது, 1920-களில் அமெரிக்காவில் காருக்கு ஊத்த ஆரம்பிச்சாங்க, பனியில் தண்ணி உறையக் கூடாதுன்னு. களம்பூர்ல எங்கே பனிக்கட்டி, நமக்கெதுக்கு இந்தப் பச்சைத் தண்ணின்னு கேட்டவன் நான். அதோட துருப் பிடிக்காத மருந்தும் கலந்திருக்கு, கொதிக்கிற சூட்டையும் அது ஏத்தும். நம்ம ஊர் வெயிலுக்கு அந்த ரெண்டும்தான் வேணும்.

புதுப் பித்தளைப் பிளக், பசை எல்லாம் சேர்ந்து நூறு ரூபாய்க்குள் முடிஞ்சது. மானிஃபோல்டைக் கழட்டி மாட்டத்தான் அரை நாள். உள்ளே நல்லாக் கழுவி, கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊத்தினோம். மெக்கானிக்கைத் தப்புச் சொல்ல மாட்டேன். அந்த அடையாளத்துக்கு ஹெட்டுன்னுதான் யாருக்கும் தோணும். அவரும் வந்து பார்த்துச் சிரிச்சுட்டு, மூடியையும் மாத்திடுங்கண்ணேன்னுட்டுப் போனார்.

நடவு ரெண்டு நாள் தள்ளிச்சு, அவ்வளவுதான். இப்போ மாசத்துக்கு ஒரு தடவை, வண்டி குளிர்ந்திருக்கும்போது மட்டும் மூடியைத் திறந்து பார்க்கிறேன். குறையலை. பெரிசுங்க சில பேர், "இன்னாடா, வண்டிக்குத் தண்ணி ஊத்தாம எடுக்கற?"ன்னு இன்னும் கேக்கறாங்க.

இன்னொரு பழக்கமும் சேர்ந்துக்கிச்சு. ஒவ்வொரு அமாவாசைக்கும் கயித்தில் கல்லைக் கட்டிக் கிணத்தில் விட்டுத் தண்ணி எத்தனை அடியில் இருக்குன்னு பார்த்து நோட்டில் எழுதறேன். கிணறு இறங்கும்போதெல்லாம் நாங்க செஞ்சது ஒண்ணுதான், இன்னும் ஆழம் தோண்டினோம். எவ்வளவு குறையுது, எப்போ குறையுதுன்னு எழுதி வெச்சதே இல்லை. நோட்டில் இப்போ ஏழு வரி இருக்கு. அதை வெச்சு என்ன செய்யலாம்னு மாமாகிட்டக் கேட்டேன். "மொதல்ல ஒரு வருஷம் எழுதுடா" என்றார்.